மயில்கழுத்து நீலம்

அத்தியாயம் பதினேழு

மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே ஒரு கண்ணாடிச் சன்னல்தான் மிச்சம் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். போன வாரம் சித்ரலேகா அதையும் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் படுக்கப்போட்டு, மயிலும் தாமரையும் வரைய உட்கார்ந்துவிட்டாள்.

செல்போன் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட கைவேலை அது. பெரிய தேவாலயங்களில் ஈயக் கம்பி கட்டிய வண்ணக் கண்ணாடி இருக்குமே, பார்வைக்கு அப்படியே இருக்கும். ஆனால் ஈயமும் கிடையாது, கண்ணாடி வெட்டுகிற வேலையும் கிடையாது. படம் வரைந்த தாளை அடியில் வைத்து, ட்யூபிலிருந்து கறுப்புப் பசையைப் பிதுக்கி மேலே கோடு போட வேண்டும். கோடு காய்ந்ததும் கட்டம் கட்டமாகச் சாயம் நிரப்பி, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் காயவிட வேண்டும். அவ்வளவுதான்.

இந்த வாரம்தான் உள்ளே வருகிறவர்களுக்காக இன்னும் நாலு வரி. திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டிய சந்தில், தாணுமாலையன் பிள்ளையின் பூர்வீக வீடு. நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியாயிற்று. கிழக்குப் பாதியில் மூத்த மகன் மகேஸ்வரன், அவர் மனைவி சண்முகசுந்தரி. மேற்குப் பாதியில் இளையவன் குருபிரசாத், அவன் மனைவி சித்ரலேகா. பெரியவர் தாணுமாலையன் இளையவனோடு இருக்கிறார். அவர் அறையில் உள்ள திறக்க முடியாத கண்ணாடிச் சன்னல் மூத்தவர் வீட்டு முற்றத்தைப் பார்த்து இருக்கிறது. சுவர் எழுப்பியபோது அதை மட்டும் அடைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

சண்டை எதற்கு? மாமியார் பார்வதியம்மாள் தவறியபோது சண்முகசுந்தரி பிறந்த வீட்டில், கல்லிடைக்குறிச்சியில் இருந்தாள். தகவல் கேட்டு அடித்துப் பிடித்துக் கிளம்பினாள். வந்த பஸ் சேரன்மகாதேவியில் பழுதாகி நின்றுவிட்டது. இங்கே சித்ரலேகாதான், "பொழுது சாயுறதுக்குள்ள எடுத்துரணும், இனிமே காக்க முடியாது" என்றாள். ஆண்கள் மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். சண்முகசுந்தரி வந்தபோது வாசல் கழுவி விட்டிருந்தது.

அந்த ஈர வாசலில் நின்றுதான் அவள் சொன்னாள். "இனி இந்த நடையை நான் மிதிச்சா, மாமாவோட காரியத்துக்குத்தான் மிதிப்பேன்."

சொல்லிவிட்டாள். நாக்குக்கு நரம்பில்லை.

வியாழக்கிழமை காலை, ஆனி மாதத்து வெயில் ஏழு மணிக்கே சுள்ளென்று அடித்தது. முந்தின நாள் சாயங்காலம் மணிராஜ் ஆசாரி வந்து கண்ணாடியைச் சட்டத்தில் பதித்துவிட்டுப் போயிருந்தார். இப்போது பெரியவரின் கட்டில் விரிப்பில் நீலமும் சிவப்பும் விழுந்து கிடந்தன.

"எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டாள் சித்ரலேகா. முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் பதினோரு வருஷமாக ரசீது எழுதுகிறவள். கையால் ஒரு அழகான பொருள் செய்தது இதுதான் முதல் தடவை.

தாணுமாலையன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து எட்டு மாதம். வலது கை எழும்பாது. நாலுகால் கம்பை இடது கையில் ஊன்றிப் பத்தடி நடப்பார், அதுவும் யாராவது கூட இருந்தால்தான்.

"நல்லாத்தான் இருக்கு. அங்கிட்டு ஒண்ணும் தெரியலியேம்மா."

"அங்கிட்டு என்ன தெரியணும்? வெளிச்சம் வருதுல்லா?"

"வெளிச்சம் வருது" என்றார் பெரியவர். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டார்.

அங்கிட்டு ஒன்றும் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அவள் மயிலே வரைந்தாள். லீவு நாள் காலையில் பத்து மணிக்கு அந்தக் கண்ணாடியில் சண்முகசுந்தரியின் முகம் வந்து நிற்கும். மாமாவுக்கு என்ன கொடுத்தாள், வேட்டி மாற்றினாளா இல்லையா என்று வேவு பார்க்க வருவதாகத்தான் சித்ரலேகா நினைத்தாள். எட்டு மாதமாகப் பீத்துணி அலசுகிறவள் தான், குறை கண்டுபிடிக்கிறவள் அவளா என்று வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை வெளியே சொல்ல முடியாமல், கைவேலை என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

கிட்டப் போய்ப் பார்த்தபோது குறைகள் தெரிந்தன. ஒரு இடத்தில் கறுப்புக் கோடு விட்டுப்போய், நீலம் தாமரை இதழுக்குள் கசிந்திருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மயிலின் கழுத்துக்குக் கீழே நகக்கண் அளவுக்குச் சாயமே இல்லாமல் வெறும் கண்ணாடி தெரிந்தது. சாயம் நிரப்பும்போது குமிழ் வந்தால் ஊசியால் குத்திவிட வேண்டும். ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருக்கிறாள். அது காயும்போது உடைந்து வழிவிட்டுவிட்டது.

நீலக் குப்பியைத் திறந்தாள். தூரிகை கழுவாமல் விறைத்துக் கிடந்தது. மணி எட்டே முக்கால். பஸ்ஸை விட்டால் தலைமை எழுத்தர் வேதநாயகம் சார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்.

"சாயந்திரம் வந்து அடைச்சிருதேன்" என்று தனக்குத்தானே சொல்லிக் குப்பியை மூடினாள்.

பெரியவர் பக்கத்தில் தண்ணீர், மாத்திரை, பேப்பர் எல்லாம் வைத்தாள். குருபிரசாத் வேலை விஷயமாக நாங்குநேரிக்குப் போயிருந்தான். அவள் மதியம் ஒன்றரைக்கு வருவாள். அதுவரைக்கும் பெரியவர் தனியாகத்தான் இருக்க வேண்டும்.

"எந்திரிக்காதீங்க மாமா. நான் வாரவரைக்கும் நாற்காலியிலயே இருங்க."

"சரிம்மா."

வெளியே பூட்டிக்கொண்டு போனாள்.

இனிச் சுவருக்கு அந்தப் பக்கம் போவோம்.

சண்முகசுந்தரி வேவு பார்க்கத்தான் வருகிறாள் என்று நினைத்தவர்களில் நானும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மை வேறு. மாமனாருக்கு வாதம் வந்த நாளிலிருந்து, காலை பத்துக்கு ஒரு தடவை, பன்னிரண்டுக்கு ஒரு தடவை, அவள் அந்தச் சன்னலுக்கு வருவாள். அவர் நாற்காலியிலிருந்து இடது கையைத் தூக்குவார். நல்லாயிருக்கேன் என்று அர்த்தம். அவள் போய்விடுவாள்.

பங்குனியில் ஒரு நாள் கை தூக்கவில்லை. தலை தொங்கிக் கிடந்தது. வீடு ஒன்றாக இருந்த காலத்துச் சாவி ஒன்று அவள் பீரோவில் உண்டு. அதை எடுத்து, இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்க்கிற ஆறுமுகத்தாயிடம் கொடுத்து அனுப்பினாள். சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்தவருக்குச் சீனித்தண்ணி கொடுத்து எழுப்பியது ஆறுமுகத்தாய். கதவு சரியாகப் பூட்டவில்லை என்று அவள் சொன்னதை நம்பி, தற்செயலாக வந்து காப்பாற்றினாள் என்று சித்ரலேகா அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தாள்.

"நான் பாத்துக்கிடுதது அவளுக்குத் தெரியப்படாது மாமா. தெரிஞ்சா எளக்காரமாப் போயிரும்" என்று சண்முகசுந்தரி சொல்லி அனுப்பியிருந்தாள். பெரியவர் அதைக் காப்பாற்றினார். ரோஷத்துக்கு அந்த வீட்டில் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

கண்ணாடியைக் கழற்றியிருந்த இரண்டு நாளும் சித்ரலேகா அங்கே அட்டையை வைத்து ஆணி அடித்திருந்தாள். சண்முகசுந்தரி அட்டைக்கு இந்தப் பக்கம் நின்று, "மாமா, இருக்கீங்களா?" என்பாள். "இருக்கேன்மா" என்று குரல் வரும். மூன்று வருஷத்தில் அவர்கள் நேராகப் பேசிய பேச்சு அதுதான். "கண்ணாடி நாளைக்கு வந்துரும்" என்று பெரியவர் சொன்னார். அதில் மயில் வருகிறது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு சண்முகசுந்தரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள்.

நீலமும் பச்சையுமாக, கறுப்புக் கோட்டுக்குள் ஒரு மயில். உள்ளே நாற்காலி தெரியவில்லை. மாமனார் தெரியவில்லை.

முதலில் அவளுக்குப் புரியவே இல்லை. புரிந்தபோது செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. சித்ரா அடைத்தாள், சரி. அட்டைக்குப் பின்னால் இரண்டு நாள் பேசின மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அவருக்கும் சம்மதம்தான் போலிருக்கிறது. நம் மூஞ்சி யாருக்கும் வேண்டாம்.

"மாமா" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. திரும்பி நடந்தாள்.

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது பின்னால் தொம்மென்று ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. எந்த வீட்டிலோ சாமான் உருட்டுகிறார்கள் என்று நினைத்தாள். அடுப்படிக்குள் போய், சோற்றுப்பானையை வேண்டுமென்றே சத்தமாக இறக்கிவைத்தாள்.

மகேஸ்வரன் வெளியே போயிருந்தார். இரண்டு மணி நேரம் அவள் ரோஷம் தாக்குப்பிடித்தது. பன்னிரண்டு அடித்ததும் கால் தானாக முற்றத்துக்கு வந்துவிட்டது.

"மாமா."

கண்ணாடியில் காதை வைத்தாள். உள்ளே யாரோ முனகுகிற மாதிரி இருந்தது. ஒரு இடம் விடாமல் முகத்தை வைத்து வைத்துப் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் நீலம், எங்கே பார்த்தாலும் பச்சை. மயில் கழுத்துக்குக் கீழே வந்தபோது அந்த நகக்கண் இடம் அகப்பட்டது.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். நாலுகால் கம்பு சாய்ந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பாதம், பக்கவாட்டில் மடங்கி.

"ஏளா ஆறுமுகத்தாயி" என்று அவள் போட்ட சத்தம் சந்து முனை வரைக்கும் கேட்டது.

பள்ளிக்கூட ஆபீசில் சித்ரலேகாவின் போன் மேசையில் அதிர்ந்தது. திரையில் 'மூத்தவங்க' என்று வந்தது. மூன்று வருஷமாக அந்தப் பெயரை அவள் அழிக்கவும் இல்லை, அந்தப் பெயர் கூப்பிடவும் இல்லை.

கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருகிறாள் என்றுதான் நினைத்தாள். அதில் ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போனைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி அதிர்ந்தது. ரசீது எழுதினாள்.

மூன்றாவது தடவை ஆறுமுகத்தாயின் நம்பர்.

"யம்மா, ஐயா விழுந்துட்டாவ. பெரியம்மா ஆம்புலன்சுக்குப் போன் போட்டாச்சு. நீங்க சீக்கிரம் வாங்க. கால் திரும்பிக் கெடக்கு."

ஆட்டோவில் ஆற்றுப்பாலத்தைத் தாண்டும்போது அவள் குருபிரசாத்துக்கு நாலு தடவை போன் போட்டாள். எடுக்கவில்லை. ரத வீதியில் தேர்த் திருவிழாவுக்குப் பந்தல்கால் நட்டுப் பாதையை அடைத்திருந்தார்கள். சந்துக்கு முன்னாலேயே இறங்கி ஓடினாள்.

வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. பூட்டில் பழைய சாவி தொங்கியது. நடைக்கு வெளியே, வெயிலில், செருப்பில்லாமல் சண்முகசுந்தரி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே ஆறுமுகத்தாயின் குரல் கேட்டது.

மூன்று வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர்.

"உள்ள போகலியா?" என்றாள் சித்ரலேகா. மூச்சு வாங்கியது.

"நான் எப்படிப் போக?" சண்முகசுந்தரி நடைப்படியைக் காட்டினாள். "நான் சொன்னது உனக்கு மறந்துட்டா? இப்ப நான் இந்த நடையை மிதிச்சா அது பலிச்சுரும்லா? நீ போ. பையப் பைய தூக்கணும், கால அசைக்காதீக."

சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்துவிட்டு, முக்கால் மணி நேரமாக அவள் அங்கேதான் நிற்கிறாள். ரோஷத்தில் இல்லை, பயத்தில்.

சித்ரலேகா உள்ளே ஓடினாள்.

பெரியவர் சன்னலுக்கு இரண்டடி தள்ளி மல்லாந்து கிடந்தார். தலை ஆறுமுகத்தாயின் மடியில். வேட்டி நனைந்திருந்தது. வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. முற்றத்து வெளிச்சத்தில் மயிலின் நீலம் அவர் நெஞ்சில் மங்கலாக விழுந்துகிடந்தது.

"எந்திரிக்காதீங்கன்னு சொன்னேனே மாமா."

அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். "அவ வந்துட்டாளான்னு தெரியல. நாற்காலியில இருந்து கை தூக்குனா அவளுக்கு எப்படித் தெரியும்? அதான் கிட்டப் போயித் தட்டலாம்னு."

"யாருக்கு மாமா? எதுக்குக் கை தூக்கணும்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பதில் ஆறுமுகத்தாயிடமிருந்து வந்தது.

"இனி மறைச்சு என்ன செய்ய யம்மா. தெனம் பத்து மணிக்கும் பன்னெண்டு மணிக்கும் பெரியம்மா வந்து பாப்பாவ. ஐயா கை தூக்குவாவ. பங்குனியில நானா ஒண்ணும் வரல. அவுகதான் சாவியக் குடுத்து அனுப்புனாவ. ஒங்ககிட்ட சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ. நீங்க எடுத்துக் குடுத்த சேலையக் கட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்."

சித்ரலேகா சன்னலைப் பார்த்தாள். அவள் கையால் போட்ட கோடு, அவள் கையால் நிரப்பிய சாயம். காலையில் குப்பியைத் திறந்தது ஞாபகம் வந்தது. தூரிகை மட்டும் விறைக்காமல் இருந்திருந்தால் அந்த நகக்கண் இடத்தையும் அடைத்துவிட்டுப் போயிருப்பாள். ஒன்றரை மணிக்கு அவள் வந்து கதவைத் திறக்கிறவரைக்கும் இவர் இப்படியே கிடந்திருப்பார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மூத்தவ எங்க?" என்று பெரியவர் கேட்டார். குரல் இறங்கிக்கொண்டே போனது. "பத்து மணிக்கு வந்தாளா?"

"வந்தாக மாமா" என்றாள் சித்ரலேகா.

"நான் கை தூக்கலைன்னு பயந்திருப்பா."

அவர் நெற்றி சில்லிட்டிருந்தது. சித்ரலேகா எழுந்தாள். நடைக்கு வந்தாள். சந்து முனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. பந்தல்காலைச் சுற்றி வந்து இப்போதுதான் சேர்ந்திருக்கிறது. வண்டி சந்துக்குள் வராது, ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

"அக்கா, உள்ள வாங்க."

"வேண்டாம் சித்ரா. சொல்லு ஒண்ணு கெடக்கு."

"அந்தச் சொல்ல உங்க வாயில வரவச்சவ நான்தான். அன்னைக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. எனக்கு அன்னைக்கே தெரியும். பலிச்சா அந்தப் பாவம் என் தலையில விடியட்டும். உங்களைத்தான் கேக்காக. வாங்க அக்கா."

மூன்று வருஷமாக அவள் சொல்லாமல் வைத்திருந்தது அது. கையை நீட்டினாள். சண்முகசுந்தரி கையைப் பார்த்தாள், நடைப்படியைப் பார்த்தாள். அழுதுகொண்டே வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

அறை வாசலில் நிழல் விழுந்ததும் பெரியவர் கண்ணைத் திறந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மட்டுமே பார்த்துப் பழகின முகம், தன் அறைக்குள், தன் தலைமாட்டில்.

முதலில் அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் அவர் பார்வை அவள் கால் பக்கம் இறங்கியது. அந்தக் கால் இந்த வீட்டுத் தரையில் நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவளுடைய சபதம் அவருக்குத் தெரியும். அன்றைக்கு அந்த ஈர வாசலில் அவரும்தான் நின்றார்.

"அப்ப நான் போயிட்டனா?" என்று கேட்டார்.

"மாமா, அப்படிச் சொல்லாதீக. நான் சும்மா பாக்க வந்தேன்." சண்முகசுந்தரி அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "கை தூக்குங்க மாமா. எப்பவும்போல ஒரே ஒரு தடவை தூக்குங்க."

அவர் கை அவள் பிடிக்குள் அசையாமல் இருந்தது. அவர் முகத்தில் பயம் தெரியவில்லை. ஏதோ கணக்கு ஒருவழியாக நேரானது போல ஒரு நிம்மதிதான் தெரிந்தது. அதைப் பார்க்க சித்ரலேகாவால் முடியவில்லை.

"இந்தத் தடவை நீ வாரவரைக்கும் எடுக்காம வச்சிருந்தாகளாம்மா?"

சண்முகசுந்தரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வச்சிருந்தா நல்லது" என்று அவரே சொன்னார். பிறகு கண்ணைத் திருப்பி இளைய மருமகளைத் தேடினார். குரலில் கோபமோ குத்தலோ ஒரு துளி இல்லை. வீட்டில் நடக்க வேண்டிய வேலையை ஞாபகப்படுத்துகிறவர் மாதிரிதான் சொன்னார்.

"சித்ரா, அதான் மூத்தவ வந்துட்டால்லா. எடுத்துரச் சொல்லு. பொழுது சாயுறதுக்குள்ள எடுத்துரணும்."

ஸ்ட்ரெச்சர் கதவில் இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. முன்னால் வந்த ஆள் குனிந்து பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்தார். கொஞ்சம் கூடுதலான நேரம் பிடித்திருந்தார். பிறகு நிமிர்ந்து இரண்டு பெண்களையும் பார்த்தார்.

"தூக்கலாமாம்மா?"

அந்தத் 'தூக்கலாமா' சித்ரலேகாவின் காதில் 'எடுக்கலாமா' என்று விழுந்தது. சண்முகசுந்தரி பெரியவரின் இடது கையை விடவில்லை.